சாவி யார் கையில்? சபைக்கூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன லுத்தரன் சபையில் பதினோரு வருடம் செயலராக இருந்தேன். பள்ளி வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சபை என் தலையில் கட்டிய வேலை அது. இப்போது வேறொருவர் பார்க்கிறார். ஆனாலும் வருடாந்தரக் கூட்டம் நெருங்கினால் போன் எனக்குத்தான் வருகிறது, "சார், நான் வந்தே ஆகணுமா?" என்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கும் நல்லது.

ஆராதனைக்கு வருகிறேன், காணிக்கை போடுகிறேன். கூட்டத்துக்கும் ஏன் வரவேண்டும்?

நீங்கள் போட்ட காணிக்கை என்ன ஆனது என்று சொல்லப்படும் ஒரே நாள் அதுதான். சொல்லுகிறவர் பொருளாளர், கேட்க வேண்டியவர் நீங்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் சொல்லுகிறவருக்கும் நாளடைவில் சலிப்பு வந்துவிடும். ஒரு வருடம் எங்கள் சபையில் கூட்டத்துக்குப் போதிய ஆள் வராமல் இரண்டு முறை தள்ளிப்போனது. அந்த வருடக் கணக்கு முழுதாகக் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. யாரும் திருடவில்லை. ரசீதுகள் ஒரு பையிலும் நோட்டுப் புத்தகம் இன்னொரு பையிலுமாகக் கிடந்தன. கூட்டம் நடந்திருந்தால் அந்த இரண்டு பைகளும் அன்றைக்கே மேஜைக்கு வந்திருக்கும்.

நம் திருச்சபை எது? எல்லா லுத்தரன்களும் ஒன்றுதானே?

தமிழ்நாட்டில் லுத்தரன் திருச்சபைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஆம்பூர், நாகர்கோவில் என்றால் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. காவிரிக் கரைக்காரர்களான நாம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1919 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் உருவானது. தலைமையகம் திருச்சியில், தரங்கைவாசம் என்ற வளாகத்தில். ஆனால் பேராயரின் பட்டம் இன்றும் 'தரங்கைப் பேராயர்'தான்; தரங்கை என்றால் தரங்கம்பாடி. கடலோர ஊர் பட்டத்தை வைத்துக்கொண்டது, அலுவலகம் மலைக்கோட்டை ஊருக்குப் போய்விட்டது.

1919க்கு முன்னால் முடிவுகளை எடுத்தது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். ஊரை ஆண்டது டேனிஷ் கம்பெனி. மிஷன் விவகாரங்களைக் கவனிக்க 1714இல் கோபன்ஹேகனில் ஒரு குழு அமைந்தது. ஆள், பணம், புத்தகம் என்று பாதி உதவி ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்தது. தரங்கம்பாடியில் ஒரு பிரச்சினை என்றால் கடிதம் கப்பலேற வேண்டும். பதில் வந்து சேர்வதற்குள் இங்கே வெள்ளாமை அறுத்து அடுத்த நாற்றும் விட்டிருப்பார்கள். உள்ளூர் கவர்னரோடு மோதியதால் சீகன்பால்க் 1708இன் கடைசியில் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் கிடந்தார். அதைக் கூட அரசரிடம் முறையிடக் கடல் தாண்டித்தான் எழுத வேண்டியிருந்தது.

ஆரோன் என்ற தமிழர் 1733 டிசம்பர் 28 அன்று குருவாக அபிஷேகம் பெற்றார். காவிரிக் கரைக் கிராமங்களில் நடையாய் நடந்து சபைகளைக் கவனித்தார். ஊழியம் தமிழர் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். முடிவெடுக்கும் அதிகாரம் வரவில்லை. 1840களில் பொறுப்பு லைப்சிக் மிஷனுக்கு மாறியது. அப்போதும் சாவி ஜெர்மனியில்தான் இருந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானிய மிஷனரிகள் இந்த நாட்டை விட்டுப் போக நேர்ந்தது, ஸ்வீடன்காரர்கள் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 1919 வந்தது. முதல் பேராயர் எர்ன்ஸ்ட் ஹியூமன் (1921) ஸ்வீடன்காரர். தமிழர் ஒருவர், ராஜா மாணிக்கம், அந்தப் பொறுப்புக்கு வந்தது 1956இல்.

ஆக, இருநூறு வருடத்துக்கும் மேல் நம் கோயில் விவகாரங்களை வேறு யாரோ, வேறு எங்கோ உட்கார்ந்து தீர்மானித்தார்கள். இப்போது நாமே தீர்மானிக்கலாம் என்கிறபோது, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்.

முடிவெடுக்கும் அதிகாரம் ஆயருக்கா, மக்களுக்கா, பேராயருக்கா?

ஒரு கதை சொல்கிறேன். 1523இல் ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற சிறிய ஊர். அந்த ஊர்ச் சபையார் தங்கள் ஆயரைத் தாங்களே தெரிந்துகொள்ள விரும்பி, நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரிடம் நியாயம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த சிறு நூலின் சாரம் இது: போதனை சரியா தவறா என்று நிதானிக்கவும், போதகரை அழைக்கவும், தேவைப்பட்டால் விலக்கவும் கிறிஸ்தவச் சபைக்கு உரிமை உண்டு. ஆடுகள் மேய்ப்பனின் சத்தத்தை அறியும் என்பதுதான் அவர் காட்டிய வேத ஆதாரம்.

அதே ஊரில் ஒரு பொதுப்பெட்டியும் வைத்தார்கள். கோயில் வருமானம், காணிக்கை எல்லாம் அதில். ஆயரின் சம்பளம், பள்ளிக்கூடம், ஏழைகள், முதியவர்கள், கட்டட மராமத்து எல்லாம் அதிலிருந்து. அதை நிர்வகிக்கப் பத்துப் பேர்: பிரபுக்களில் இருவர், நகர மன்றத்தில் இருவர், ஊர்க்காரர் மூவர், குடியானவர் மூவர். பெட்டிக்கு நான்கு பூட்டு. ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு சாவி. நால்வரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும்! நகர மன்றம் பழைய சொத்துக்களைப் பெட்டிக்குள் விட மறுத்து இழுத்தடித்தது வேறு கதை. காசு என்று வந்தால் எந்த நூற்றாண்டும் ஒன்றுபோலத்தான்.

எங்கள் கோயில் பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆயரிடம், ஒன்று பொருளாளரிடம். மூன்றாவது சாவி வருடாந்தரக் கூட்டம் என்று நான் சொல்வேன்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வசனத்தைப் போதிப்பதும் ஞானஸ்நானம், திருவிருந்து என்ற சாக்கிரமெந்துகளைக் கொடுப்பதும் முறைப்படி அழைக்கப்பட்டவருடைய பொறுப்பு. லுத்தரன்களின் அடிப்படை அறிக்கையான, 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 14ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. பேராயருக்கு இருக்கும் அதிகாரம் வசனத்தின் அதிகாரம், வாளின் அதிகாரமல்ல என்கிறது அதன் 28ஆம் பிரிவு. மற்றபடி கோயில் நடத்தும் வேலைகளில் சபை, குருசேகரம் (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகள்), ஆலோசனைச் சங்கம், சினாடு (திருச்சபையின் பேரவை) என்று படிப்படியாக ஆட்கள் தெரிந்துகொள்ளப்பட்டுப் போகிறார்கள். அந்த ஏணியின் கடைசிப் படி நீங்கள். கீழ்ப்படி ஆடினால் மேலே நிற்பவரும் ஆடுவார்.

எப்போது கூடுகிறோம்? ஏன் எப்போதும் கோடையில்?

வயலைக் கேட்டுத்தான் நாள் குறிக்கிறோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் குறுவைக்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மழையும் வரும். தை, மாசியில் சம்பா அறுவடை. பிறகு லெந்து என்ற தபசு நாட்கள். மிஞ்சுவது உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பிறகு, தண்ணீர் வருவதற்கு முன் இருக்கிற சில வாரங்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வருவதும் அப்போதுதான். வெயில் அடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். மோர் கொடுக்கிறோம்.

ஓட்டு யாருக்கு உண்டு?

திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் சடங்கு) பெற்று, திருவிருந்தில் பங்கெடுத்து, சந்தா கட்டி, பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. வயது வரம்பு, சந்தா பாக்கி எத்தனை மாதம் வரை போகலாம் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அவ்வப்போது திருத்தப்படுவதால் புதிய பிரதியைப் பாருங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் இரவில் மூன்று வருடச் சந்தாவையும் சேர்த்துக் கட்ட வராதீர்கள். பொருளாளருக்கும் குடும்பம் இருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் ஞானப்பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். சம்பிரதாயம்தானே?

சம்பிரதாயமாகச் செய்தால் சம்பிரதாயம். ஆனால் காரணம் இருக்கிறது. ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 7ஆம் பிரிவு திருச்சபை என்றால் என்ன என்று சொல்கிறது: சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் முறையாகக் கொடுக்கப்படுகிற பரிசுத்தவான்களின் கூட்டம். அந்த விளக்கத்தில் கட்டடம் இல்லை, பேராயர் இல்லை, விதிப்புத்தகம் இல்லை. முதலில் 'கூட்டம்'. அப்படியானால் ஆராதனைக்குக் கூடியவர்களும் கணக்குப் பார்க்கக் கூடியவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்ல. பலிபீடத்துக்கு முன் முழங்காலிட்ட அதே கால்கள்தான் அரைமணி கழித்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போடுகின்றன.

எங்கள் ஆயர் ஒருவர் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தைத்தான் வாசிப்பார். எருசலேமில் நடந்த அந்தக் கூட்டத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்று முதலில் மிகுந்த தர்க்கம். அப்புறம் பேதுரு எழுந்து தன் அனுபவத்தைச் சொல்கிறார். பவுலும் பர்னபாவும் புறஜாதியாரிடையே நடந்ததை விவரிக்கிறார்கள். கூட்டம் அமைதியாகக் கேட்கிறது. பிறகு யாக்கோபு வேதத்தோடு ஒப்பிட்டு ஒரு யோசனை சொல்கிறார். முடிவு கடிதமாக எழுதப்பட்டு, நேரில் விளக்க ஆளும் அனுப்பப்படுகிறது. அறிக்கை, விவாதம், தீர்மானம், சுற்றறிக்கை, எல்லாம் அதில் இருக்கிறது. 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று எழுதினார்கள் பாருங்கள், அந்த 'உம்'மை எழுதுகிற தைரியம் எந்தச் செயலருக்கும் சுலபத்தில் வராது. நான் ஒரு முறைகூட எழுதியதில்லை. 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதுவும் சில சமயம் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னதுதான்.

அப்படியானால் பெரும்பான்மை முடிவுதான் தேவசித்தமா?

இல்லை. 1519இல் லைப்சிக் நகரத்தில் நடந்த வாதத்தில், திருச்சபையின் பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்று லுத்தர் சொன்னார். பெரிய சங்கங்களே தவறலாம் என்றால் நாற்பது பேர் கூடுகிற நம் கூட்டம் எம்மாத்திரம்? தீர்மானத்தை வசனத்தின் முன் வைத்துப் பார்க்கச் சபைக்கு எப்போதும் உரிமை உண்டு, போன வருடத் தீர்மானத்தைத் திருத்தவும் உரிமை உண்டு. அந்தத் திருத்தத்துக்கும் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். டீக்கடையில் திருத்த முடியாது.

சாதி பற்றிக் கூட்டத்தில் பேசலாமா?

பேச வேண்டும். நம் சபை வரலாற்றில் சரியாகப் பேசாமல் விட்ட விஷயம் இது.

பழைய நாளில் தரங்கம்பாடிக் கோயிலிலேயே ஆட்கள் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். மிஷனரிகள் அதைக் கண்டும் விட்டுவைத்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பெரிய கலகம். அதை ஏற்காதவர்களில் பலர் பின்னால் வந்த லைப்சிக் மிஷனிடம் சேர்ந்தார்கள். சாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைக்க வேண்டும் என்பது லைப்சிக் மிஷனின் நிலைப்பாடு. நம் சபைகளின் எண்ணிக்கை கூடிய வழிகளில் ஒன்று அது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னும் கூச்சம்.

இன்றைக்கு உட்காருவதில் பிரிவில்லை. ஆனால் தேர்தல் என்று வந்தால் "நம்மாள் யார்" என்ற கேள்வி கோயில் வாசலிலேயே கேட்கிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு வெளியே வந்து இரண்டு பட்டியல் போடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்களைக் கணக்குப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தால் கூட்டத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

பெண்கள், இளைஞர்கள் பேசினால் எடுபடுமா?

லுத்தரன் உலக சம்மேளனம் 1984இல் புடாபெஸ்டில் கூடியபோது, தங்கள் கூட்டங்களில் பெண்கள் குறைந்தது 40 சதவீதம், இளைஞர்கள் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. எங்கள் சபையில் கோயிலுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கமிட்டியில் என்ன நிலை என்று உங்கள் சபையிலேயே எண்ணிப் பாருங்கள்.

எடுபடுமா என்றால், ஒரு சம்பவம். பலிபீடத்தைச் சுற்றிக் கிரானைட் போடுவதாக ஒரு தீர்மானம் வந்தது. மாதிரிக் கல்லைக் கூடக் கொண்டுவந்து காட்டினார்கள். கை தூக்குகிற நேரத்தில், நடவுக்குப் போகிற ஒரு பாட்டி பின்வரிசையிலிருந்து, "உபதேசியார் வூட்ல மழைக்கு நாலு எடத்துல ஏனம் வச்சிருக்காங்களே, அதுக்கும் இந்தக் கல்ல போடுவீங்களா?" என்றார். சிரிப்பு. பிறகு அமைதி. கிரானைட் இன்றுவரை வரவில்லை, உபதேசியார் வீட்டுக் கூரை மாறியது. நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பாட்டியின் பேர் இல்லை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பேர்தான் இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

'ஊழிய நோக்கத்தை உறுதிப்படுத்துதல்' என்று நிகழ்ச்சி நிரலில் வருகிறதே, அது என்ன?

ஆயர் ஒரு பத்தியை வாசிப்பார், எல்லோரும் எழுந்து நின்று ஆமென் சொல்வோம், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உண்மையான உறுதிப்படுத்தல் வரவுசெலவுத் திட்டத்தின்போது நடக்கிறது. ஒரு கூட்டத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். கிறிஸ்துமஸ் ஷாமியானா எந்தக் கடையில் எடுப்பது என்பதற்கு ஐம்பது நிமிடம். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கழிவறை கட்டுவதற்கு நான்கு நிமிடம், அதுவும் "அடுத்த வருடம் பார்க்கலாம்". அந்த வருடம் எங்கள் ஊழிய நோக்கம் ஷாமியானா.

நம் முன்னோர் செய்ததைப் பாருங்கள். சீகன்பால்க் வந்த வேகத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார், சிறுமிகளுக்கும் சேர்த்து. அச்சகம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சேறியது. 1717இல் அடிக்கல் நாட்டி 1718இல் பிரதிஷ்டை செய்த புது எருசலேம் ஆலயம் அதற்கெல்லாம் பிறகுதான். 1707இல் கட்டிய முதல் கோயில் சிறியது, அதையும் பின்னாளில் கடல் கொண்டுபோய்விட்டது. அச்சிட்ட புத்தகத்தைக் கடலால் கொண்டுபோக முடியவில்லை.

அவசரம் என்றால் கூட்டம் கூட்டாமல் முடிவெடுக்கலாமா?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தரங்கம்பாடி, நாகப்பட்டினம் கடற்கரையில் அலை ஏறிய காலை. அன்றைக்குக் கோரம், அதாவது கூட்டத்துக்குப் போதிய ஆள், இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? கோயில் கதவைத் திறந்து, இருந்த அரிசியை உலையில் போட்டவர்கள் செய்ததுதான் சரி. 2018இல் கஜா புயலுக்குப் பிறகும் இதேதான். அவசரத்தில் செலவு செய்யலாம், ஆனால் அடுத்த கூட்டத்தில் ரசீதோடு வந்து ஒப்புதல் வாங்க வேண்டும். ரசீது இல்லாவிட்டால் நேர்ந்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

உலக அளவில் கூடுகிறார்களே, அதனால் நமக்கு என்ன?

லுத்தரன் உலக சம்மேளனம் 1947இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கியது. கடைசியாக 2023இல் போலந்தின் கிராக்கோவில் கூடியது. இந்தக் கூட்டங்களில் எனக்கு மறக்க முடியாதது 2010, ஸ்டுட்கார்ட். 16ஆம் நூற்றாண்டில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்துகளை லுத்தரன்கள் துன்புறுத்தினார்கள். அதற்காக அவர்கள் வழியில் வந்த மெனோனைட் சபையாரிடம் மன்னிப்புக் கேட்பதென்று தீர்மானம் போட்டார்கள். பலர் முழங்காலிட்டார்கள். ஒரு கூட்டம் மன்னிப்புக் கேட்பதைத் தீர்மானமாகப் போடலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மேலே சாதி பற்றிச் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

சிஎஸ்ஐக்கும் நமக்கும் கூட்டம் நடத்துவதில் வித்தியாசம் உண்டா?

பார்வைக்குப் பெரிதாக இல்லை. சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் இணைந்து உருவானது, நாம் அதில் சேரவில்லை. அங்கே பல பேராயங்கள், பல பேராயர்கள், மேலே ஒரு சினாடு. நமக்குப் பேராயர் ஒருவரே. சண்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்.

தேர்தல் தகராறு கோர்ட்டுக்குப் போகிறதே?

போகிறது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் நீதிமன்றம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி வந்து தேர்தல் நடத்திக் கொடுக்கிற நிலை நமக்குப் புதிதல்ல. அநியாயம் நடந்தால் கோர்ட்டுக்குப் போவது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செலவும் பொதுப்பெட்டியிலிருந்துதான் போகிறது, சாவியும் மறுபடி வெளியாள் கைக்குப் போகிறது. பாதி வழக்குகள் பட்டியலில் பெயர் விட்டுப்போனதில் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். பட்டியலை ஒரு மாதம் முன்னால் கோயில் பலகையில் ஒட்டுங்கள்.

என் கருத்து தோற்றுவிட்டால்?

எதிர்ப்பைக் குறிப்பில் எழுதச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. அடுத்த ஞாயிறு வழக்கமாக உட்காரும் பெஞ்சில் வந்து உட்காருங்கள். ஜெயித்தவர் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுக்கட்டும்.

சாப்பாடு உண்டா?

உண்டு. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம். கூட்டம் முடிந்த பிறகுதான். கணக்கு வாசிக்கும் முன் பந்தி போட்ட ஒரு வருடம், கை கழுவப் போனவர்களில் பதினாறு பேர் திரும்பி வரவில்லை.